அடா வீட்டு முற்றத்தில் நான் ஆடிய ஆட்டம்

அண்ணே,

போன வியாழக்கிழமை உங்கள் பெரிய பையன் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். "அப்பா பீரோவுல இருந்துச்சு மாமா. மூடியில உங்க பேரு இருக்கு" என்றான். இருந்தது உங்கள் கையெழுத்துதான். 'ஏகாம்பரத்திடம் சேர்க்கவும்' என்று தமிழில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, நான் நாலாங்கிளாஸ் என்பதை மறக்காமல் எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "பாருடி, போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு, சார்ஜ்மேன் இன்னும் எனக்கு வேலை ஏவுறார்" என்று மங்காவிடம் சொல்லிக்கொண்டேதான் மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு கடிதம். ஓரமெல்லாம் பழுத்து, மடிப்பில் கிழிந்து, தொட்டால் பொடியாகிவிடும் போலிருந்தது. ஸ்டாம்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நைஜீரியாவிலிருந்து ஓபி எழுதிய கடிதம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சனத்நகரில் நம் பட்டறைக் கேன்டீனில் உட்கார்ந்து நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய அதே கடிதம்.

ஆசையாக இருந்தது. இன்னொரு தடவை கேட்கலாமே என்று பக்கத்து வீட்டு லதாவைக் கூப்பிட்டேன். ஆம்பூர்க்காரர் பெண்தான். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள், அவசரம் என்றால் இங்கிலீஷ். "ஏ புள்ள, இதைப் படிச்சுச் சொல்லு. தெரிஞ்ச கதைதான், சும்மா கேக்கணும்போல இருக்கு" என்றேன். அவள் முதல் பக்கத்தைக் கடகடவென்று படித்தாள். இரண்டாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"அங்கிள், மீக்கு நிஜங்கா தெலுசா?" உங்களுக்கு உண்மையாகவே தெரியுமா என்று கேட்கிறாள்.

"என்னது தெரியுமா?"

"அந்தப் பாப்பா லேது அங்கிள். செத்துப்போயிந்தி."

குழந்தை செத்தது எனக்குத் தெரியும். பதிமூன்று வருஷமாகத் தெரியும். அது இந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது.

அண்ணே, நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அந்த நிமிஷமே இரண்டு பஸ் மாறி வந்து உங்கள் வாசலில் நின்று கத்தியிருப்பேன். தெருவே கூடியிருக்கும். கூடட்டும். உயிரோடு இருந்தபோது இதை என் கையில் கொடுக்க உங்களுக்குத் தைரியம் இல்லை. செத்தபிறகு பையன் கையில் கொடுத்தனுப்புகிறீர்கள். நல்ல ஏற்பாடு! சண்டை போட ஆள் இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு சண்டைக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்தத்தான் நீங்கள் இருக்கமாட்டீர்கள். திருத்தவும் வேண்டாம்.

நாம் முதல் தடவை அங்கே போனபோது எனக்கு இருபத்தெட்டு வயது. நம் பட்டறையில் செய்த பிழிபொறிகளையும் ஒரு பாய்லரையும் கப்பலில் அனுப்பிவிட்டு, அவற்றைப் பூட்டிக் கொடுக்க உங்களையும் என்னையும் பின்னாலேயே அனுப்பினார்கள். அந்த நாட்டின் கிழக்குப் பக்கம், சின்ன ஊர், பனங்கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலை. நீங்கள் சார்ஜ்மேன், டிப்ளமா, இங்கிலீஷ். நான் பிட்டர், ஸ்பானர், வாய். "பேசுறதை எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ நட்டைப் பாருய்யா" என்று பம்பாயில் கப்பல் ஏறும்போதே சொல்லிவிட்டீர்கள். அன்று ஆரம்பித்தது. இங்கிலீஷில் எது வந்தாலும் உங்கள் வாய் வழியாகத்தான் என் காதுக்கு வந்தது.

ஓபி அந்த ஆலையின் பாய்லர்காரன். அவன் உடைந்த இங்கிலீஷ் பேசுவான், நான் அதைவிட உடைந்த இங்கிலீஷில் பதில் சொல்லுவேன், இரண்டு உடைசலையும் சேர்த்தால் எங்களுக்கு ஒரு முழு பாஷை ஆகிவிடும். அவன் பெண்டாட்டி பெயர் அடா. முதல் நாள் அவன் அறிமுகம் செய்து வைத்தபோது நான் சிரித்த சிரிப்பில் உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க ஊர்ல பொம்பளையை அடான்னு கூப்பிட்டா செருப்பு பறக்கும்" என்று நான் கைஜாடையில் விளக்க, அந்த அம்மாள் காலிலிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினாள் பாருங்கள்! அன்றே தெரிந்தது, இவள் நம் ஆள் என்று.

ஒன்றரை வருஷம் அவள் வீட்டுச் சோறுதான் நமக்கு. மாமிசம் தொடாத உங்களை என்ன செய்வதென்று தெரியாமல் முதல் வாரம் தவித்துப் போனாள். அப்புறம் சேனை மாதிரி ஒரு பெரிய கிழங்கை வேகவைத்து, காராமணியைத் தனியாக அவித்து, உங்களுக்கென்று ஒரு சின்னச் சட்டியை ஒதுக்கி வைத்தாள். அந்தச் சட்டியில் மீன் வாசம் படக்கூடாது என்று அவள் மாமியாரிடமே சண்டை போட்டாள். அதை மறந்துவிட்டீர்களா? ஓபி கள் ஊற்றினால் உங்கள் பங்கையும் நானே குடித்துவிடுவேன். "சார்ஜ்மேன் மானத்தைக் காப்பாத்தறேன்" என்பேன்.

அவர்களுக்கு ஒரே பெண். இரண்டு வயது. இஃபி என்று பெயர். வயிறு முட்டத் தின்று, தொப்புள் வெளியே பிதுங்க, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு முற்றத்தில் நடந்து வரும். நான் சும்மா இருப்பேனா? தொப்பை என்று பெயர் வைத்தேன். நானும் என் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஆடி ஆடி நடப்பேன். அவள் திரும்பிப் பார்த்து, தன் வயிற்றில் பொத்தென்று அடித்து, "தொப்பை!" என்று கத்துவாள். நான் என் வயிற்றில் அடித்து, "தொப்பை!" என்பேன். ஆலையே சிரிக்கும். அடா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். ஒரு மாசத்தில் இஃபி என்ற பெயர் போய், வீட்டிலேயே தொப்பை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தமிழ்ச் சொல், கடல் தாண்டிப் போய் ஒரு குழந்தைக்குப் பெயராக உட்கார்ந்துவிட்டது. எனக்கு எவ்வளவு பெருமை!

வேலையில் நீங்கள் கெடுபிடி. பாய்லர் அடிப்போல்ட்டுகளை நான் ஒரு நாள் அரையும் குறையுமாக முறுக்கிவிட்டுச் சோற்றுக்குப் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள். "முறுக்கினா முழுசா முறுக்கு, இல்லைன்னா கழட்டி வச்சுடு. பாதியில விட்ட நட்டுதான்யா ஆளைக் கொல்லும்" என்றீர்கள். இருபது வருஷம் அதைப் புதுப் பையன்களுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களுக்குச் சொல்லுகிறேன். கேட்கிறதா?

நாம் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் அங்கே சண்டை மூண்டது. அவர்கள் பக்கத்து ஜனங்கள் தனி நாடு என்றார்கள், மற்றவர்கள் விடமாட்டோம் என்றார்கள், வழியெல்லாம் அடைத்துப் பட்டினி போட்டார்கள். இதெல்லாம் நீங்கள் பேப்பர் பார்த்துச் சொன்னதுதான். ஒரு நாள் இரானி ஹோட்டலில் டீ குடிக்கிறோம். பேப்பரை விரித்த நீங்கள் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். "என்னண்ணே, சினிமாக்காரி படமா? நாங்க பாத்தா தேஞ்சா போயிடும்?" என்று நான் இழுத்தேன். "ஒண்ணுமில்லய்யா, டீயைக் குடி" என்றீர்கள்.

என்ன படம் என்று வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மளிகைக்கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பழைய காகிதத்தில் இருந்தது. அந்த நாட்டுக் குழந்தைகள். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் பானை மாதிரி. பசியில் வீங்குமாம். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் அதைப் பார்த்தது அந்த ஊருக்குப் போய்த் திரும்பியபிறகு. நீங்கள் பார்த்தது முன்னால்.

சண்டை முடிந்த அடுத்த வருஷம் கடிதம் வந்தது. கம்பெனி விலாசத்துக்கு, உங்கள் பெயரும் என் பெயரும் போட்டு. அந்த வாரம் மங்கா ஆஸ்பத்திரியில். சின்னவள் பிறந்த சமயம், ரத்தம் நிற்காமல் போய், இரண்டு நாள் இழுபறி. நீங்கள்தான் ரத்தம் கொடுத்தீர்கள். கொடுத்துவிட்டு ஷிப்டுக்கும் வந்தீர்கள். அதை நான் மறுக்கவில்லை, எப்போதும் மறுக்கமாட்டேன். மங்கா இன்றைக்கு என்னைத் திட்டுகிற திட்டில் பாதி உங்கள் ரத்தம்.

கேன்டீனில் நீங்கள் கடிதத்தைப் பிரித்தீர்கள். படித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மறுபடி மாட்டிக்கொண்டீர்கள்.

"என்னண்ணே, என்ன சொல்றான்? தொப்பை எப்படி இருக்கா?"

"எல்லாரும் சௌக்கியமாம்யா. வீட்டுக் கூரை மட்டும் போயிடுச்சாம்."

"தொப்பை?"

"உன்னைக் கேட்டாளாம்."

நான் பெஞ்சைவிட்டு எழுந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு கேன்டீன் முழுக்க ஒரு சுற்று நடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், உங்கள் டீ அப்படியே இருந்தது.

சரி. அன்றைக்குச் சொன்ன பொய்யை விட்டுவிடுகிறேன். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவனிடம் போய் இதையும் சொல்வதா என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் நினைப்பார்கள். ஆனால் மங்கா எழுந்து உட்கார்ந்தாளே! குழந்தைக்குப் பெயர் வைத்தோமே! முன்வரிசையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டீர்களே! அதற்குப் பிறகு இரண்டு வருஷம், தினமும் ஒரே பட்டறை, ஒரே பஸ். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "ஏகாம்பரம், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்திருக்கக் கூடாதா?

அதைக்கூட விடுகிறேன். அந்த ஜவுளிக்கடையை எப்படி விடுவது?

இரண்டாம் தடவை நம்மை அனுப்பினார்கள். சண்டையில் வீணாகிப்போன ஆலைகளைப் பழுது பார்க்க, இரண்டு மாசம். வேறு ஊர்தான், ஆனால் ஓபியின் ஊர் நாலு மணி நேரம் என்று தெரிந்ததும் நான் தரையில் நிற்கவில்லை. உங்களை இழுத்துக்கொண்டு சிகந்திராபாத் ஜெனரல் பஜாருக்குப் போனேன். பத்து வயதுப் பெண்ணுக்குக் கவுன் வேண்டும். "பேட் படா ஹை பாய், லாஸ்டிக் வாலா திகாவ்" என்றேன் கடைக்காரனிடம். வயிறு பெரிசு, இடுப்பில் எலாஸ்டிக் வைத்ததாகக் காட்டு என்று. "ஹவ், ஹவ், பிகர் நக்கோ", கவலை வேண்டாம் என்று அவன் மஞ்சள் பூப்போட்டதாக ஒன்றை எடுத்துப் போட்டான். நான் என் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

"கொஞ்சம் பெரிசாவே எடுய்யா. வளர்ற பொண்ணு."

அண்ணே! அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து எப்படி வந்தது? மண்ணுக்கடியில் கிடக்கிறாள் என்று இரண்டு வருஷமாகத் தெரிந்த பெண்ணைப் பற்றி, வளர்கிற பெண் என்று! அந்தக் கடை வாசலில், ஆட்டோச் சத்தத்தில் சொல்லியிருந்தால்கூடப் போதும். கவுனைத் திருப்பிப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அழுதபிறகு அங்கே போயிருப்பேன். போய் அவர்கள் காலடியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். என்னைக் கோமாளி என்று எல்லாரும் நினைப்பார்கள், நினைக்கட்டும், அது என் பிழைப்பு. சாவு வீட்டில் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் போனோம். உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டு ஒவ்வொரு வண்டியாக விட்டார்கள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன், நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். முதலில் ஆலைக்குப் போனோம். சுவரில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பாய்லரை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் நான் முறுக்கின அடிப்போல்ட்டுகள் மட்டும் தரையில் நாலு நின்றன. "பாருங்கண்ணே, பாய்லர் போனாலும் என் போல்ட் போகல" என்று சிரித்தேன். நீங்கள், "ஏகாம்பரம்" என்றீர்கள். "என்னண்ணே?" "ஒண்ணுமில்ல. வா போலாம்."

அப்போது வாய்வரைக்கும் வந்ததுதானே? வந்ததை விழுங்கினீர்களே! ஐம்பது கஜத்தில் அவர்கள் வீடு. ஐம்பது கஜம் நடக்கிற நேரம் இருந்தது உங்களுக்கு.

புதுத் தகரக் கூரை. முற்றத்தில் அடா குனிந்து ஒரு எனாமல் பேசினில் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். முதுகெலும்பு துணிக்கு மேலே தெரிந்தது. அந்த ஊர் வழக்கம் நமக்குத் தெரியாததா? விருந்தாளி வந்தால் உட்காரவைத்து, கோலாக் கொட்டையைக் கொண்டுவந்து, சாமிக்குச் சொல்லி உடைத்து, ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டபிறகுதான் எந்தச் செய்தியும் பேசுவார்கள். நம் ஊரில் வாசலிலேயே குசலம் ஆரம்பித்துவிடும். நான் நம் ஊர்க்காரன்தானே! உட்காரவில்லை. கவுனை எடுத்து என் வயிற்றின்மேல் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, அந்த முற்றம் முழுக்க ஆடி ஆடி நடந்தேன். வயிற்றில் பொத்தென்று அடித்தேன்.

"தொப்பை! எங்கே என் தொப்பை? இன்னும் பெருத்துட்டாளா?"

அடா நிமிர்ந்து பார்த்தாள். ஓடிவந்து செருப்பைக் கழற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றின்மேல் இருந்த கவுனைப் பார்த்தாள். கையிலிருந்த கிழங்கைப் பேசினில் மெதுவாக வைத்துவிட்டு, ஈரக்கையோடு உள்ளே போய்விட்டாள். நான் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னொரு சுற்று நடந்தேன் அண்ணே. இன்னொரு சுற்று.

ஓபி வந்தான். தலை முழுக்க நரை. நீங்கள் அவன் தோளைப் பிடித்து வேலி ஓரமாக அழைத்துக்கொண்டு போனீர்கள். தாழ்ந்த குரலில் இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் எட்டவில்லை. திரும்பி வந்து என்னிடம் தமிழில் சொன்னீர்கள்: "பொண்ணு தவறிட்டாளாம்யா. சண்டையில." ஏதோ அப்போதுதான் உங்களுக்கே தெரிந்த மாதிரி.

நான் உள்ளே ஓடப் பார்த்தேன். அவள் காலில் விழவேண்டும்போல இருந்தது. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "போகாதே. நான் சொல்லிட்டேன். அழுதுட்டு இருக்காங்க, விடு."

என்ன சொன்னீர்கள்? 'அவனுக்குத் தெரியாது, நான்தான் மறைத்துவிட்டேன்' என்றா? 'அவன் அப்படித்தான், விளையாட்டுப் புத்தி, மனதில் வைத்துக்கொள்ளாதே' என்றா? இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். ஓபி கொட்டையை உடைத்தான். உங்களுக்கு ஒரு துண்டு கொடுத்தான். எனக்கும் கொடுத்தான், என் முகத்தைப் பார்க்காமல். அப்போது அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது கவுனை மடித்துத் திண்டில் வைத்தேன். அடா வெளியே வந்தாள். அதை எடுத்து என் பைக்குள் திணித்தாள். தன் பாஷையில் இரண்டு வாக்கியம் சொன்னாள். நம்மோடு ஒரு நாளும் தன் பாஷையில் பேசாதவள். "என்னண்ணே சொல்றாங்க?" என்றேன். "பத்திரமாப் போயிட்டு வாங்கன்னு" என்றீர்கள். லாரி பாதி தூரம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது, அந்தப் பாஷை உங்களுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எந்தக் குழந்தையின் வயிற்றைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை. மற்றக் கேலி நிற்கவில்லை, நின்றால் நான் ஆளே இல்லை. தெரியாமல்தானே கேட்டோம், பெற்றவள் மனசு, ஒரு நாள் புரிந்துகொள்வாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பதிமூன்று வருஷம் அந்தச் சமாதானத்தில் உட்கார்ந்திருந்தேன். லதா இரண்டாம் பக்கத்தைப் படித்துத் தமிழும் தெலுங்குமாகச் சொன்னபோது அதுவும் போயிற்று.

ஓபி என்ன எழுதியிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், இந்த ஒரு தடவை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இரண்டாம் மழைக்காலத்தில் பெண் போய்விட்டாள். உப்பில்லை, மீனில்லை, காட்டு இலைதான். கடைசியில் வயிறு மிகவும் பெரிதாகிவிட்டது. அந்தப் பெயரை இப்போது எங்கள் வீட்டில் சொல்லுவதில்லை. பெயர் வைத்தவர் ஏகாம்பரம், அதனால் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக அவரிடம் சொல்லுங்கள் என்று அடா கேட்டுக்கொள்கிறாள். அவர் எப்போது வந்தாலும் வரட்டும். முதலில் எங்களோடு கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரட்டும்.

இவ்வளவுதான். பேசாமல் உட்காரட்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். நான் போய் ஆடினேன்.

அவளுக்கு நான் தெரியாமல் ஆடியவன் இல்லை அண்ணே. தெரிந்து ஆடியவன். கடிதம் எழுதியாயிற்று, பக்குவமாகச் சொல்லியாயிற்று, எல்லாம் தெரிந்து ஒருவன் கவுனை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்து செத்த குழந்தையின் வயிற்றைக் கேலி செய்கிறான். இப்படித்தான் அவள் என்னை வைத்திருப்பாள். நீங்கள் முறுக்காமல் விட்ட நட்டு, அங்கே போய் விழுந்தது.

நேற்று லதாவை உட்காரவைத்து அடாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். விலாசம் பழைய உறையில் இருந்தது. "எழுது. நான் ஏகாம்பரம். அன்னிக்கு நான் ஆடினது தெரியாம ஆடினது. உங்க கடுதாசியை எனக்கு யாரும் சரியாப் படிச்சுக் காட்டல."

லதா பேனாவை நிறுத்தினாள். "எவரு? பேரு ராயாலா அங்கிள்?" யார், பெயரை எழுதவேண்டுமா என்கிறாள்.

மங்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "செத்த மனுஷனை எதுக்கு இழுக்கறீங்க? கடுதாசி எங்க கைக்கே வரல, தபால்ல தவறிப்போச்சுன்னு எழுதிடுங்க. யாருக்கும் வருத்தமில்லை. அந்தம்மா மனசும் ஆறும், அவரு பேரும் கெடாது."

எவ்வளவு நல்ல யோசனை! எனக்கு வாய் திறந்தேவிட்டது, 'அப்படியே எழுதும்மா' என்று சொல்ல. அந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் கேன்டீனில் உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். வசதியான இடம்தான். எல்லாருக்கும் நல்லது, எல்லாரும் சிரிக்கலாம், ஒரு வார்த்தை மாற்றினால் போதும். ஒருத்தரைப் புரிந்துகொண்டால் கோபம் இறங்கும் என்பார்கள். எனக்கு ஏறிற்று. இவ்வளவு சுலபமாக எழுந்து வரக்கூடிய இடத்தில் நீங்கள் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தீர்களே!

"பேரை எழுது" என்றேன். உங்கள் பெயரைச் சொன்னேன். மங்கா உள்ளே போய்விட்டாள். இராத்திரிச் சோற்றைத் தட்டில் போடவில்லை, சட்டியோடு வைத்துவிட்டுப் போனாள். உங்கள் ரத்தம் அவளுக்குள் ஓடுகிறது, உங்கள் கட்சிதான் பேசும்.

லதா எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அவரு ஏன் செப்பலேதுன்னு கேட்பாங்க அங்கிள். காரணம் ராயாலி கதா?" ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, காரணம் எழுத வேண்டாமா என்கிறாள்.

நான் கூடத்தில் இரண்டு நடை நடந்தேன். பயந்தவர் என்று எழுதலாமா? ஒரு முறை ஆலையில் நீராவிக் குழாய் வெடித்தபோது ஓபியைத் தள்ளிவிட்டுத் தன் முழங்கையைச் சுட்டுக்கொண்டவர். பொய்யர் என்றா? முப்பது வருஷத்தில் ஒரு ஓவர்டைம் சீட்டிலும் பொய் எழுதாதவர். என்னை அழவைக்கப் பிடிக்காதவர் என்றா? அதற்காக அவளை அழவைக்கலாமா?

"எழுது லதா. நல்ல மனுஷன். என் பொண்டாட்டிக்கு ரத்தம் கொடுத்தவர். ஏன் சொல்லலைன்னு எனக்குத் தெரியல."

அப்படியே எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொல்லச் சொன்னேன். "நம்மகம் லேதா அங்கிள்?" நம்பிக்கை இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. இல்லை என்றேன். இன்று காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டேன்.

அடா இருக்கிறாளோ இல்லையோ, ஓபி அதே வீட்டில்தான் இருக்கிறானோ, தெரியாது. இருந்தால் அவள் பதில் போடுவாள், என்னைத் திட்டவாவது போடுவாள். அதில் உங்களைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். அதற்கு என்ன சொல்வது என்று இன்று முழுக்க அரம் போட்டுக்கொண்டே யோசித்தேன். உங்களைத் திட்டி எழுதச் சொன்னால் இப்போதே பத்துப் பக்கம் எழுதுவேன், எழுதியும்விட்டேன். உங்களுக்காகப் பேசத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும் அண்ணே. மீன் வாசம் படாமல் உங்களுக்குத் தனிச் சட்டி வைத்தவளிடம் பேச, என்னைவிட்டால் உங்களுக்கு வேறு ஆள் இல்லை.

ஏகாம்பரம்